நீச்சல் களிசானில் ஒரு மாப்பிள்ளை

என் மனைவியின் தமையன் என்னை முதன்முதலாகப் பார்த்தபோது என் உடம்பில் இருந்த துணி ஒரு லேஞ்சி, அதாவது ஒரு கைக்குட்டை, அளவுதான் இருக்கும். நீல நிறம், பக்கத்துக்கு இரண்டு வெள்ளைக் கோடு. அந்த மனிதர் கூர் நகரிலிருந்து இன்டர்லாக்கனுக்கு ரயில் மாறி மாறி வந்ததே, என்னைப் பார்த்துவிட்டுத் தங்கச்சியைத் தரலாமா கூடாதா என்று முடிவு சொல்வதற்கு. இந்த இடத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "பிறகு?" என்பார்கள். பிறகைச் சொல்வதற்கு முதல் முந்தியதைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். ஹோட்டலுக்குப் பின்னால் வேலையாட்களின் வீடு. அதில் கூரையோடு ஒட்டிய அறை எனக்கும் இன்னொரு யாழ்ப்பாணத்தவருக்கும். அவர் என்னைவிடப் பத்து வயது மூப்பு, ஆகவே அண்ணை. அவருக்கு எதையும் கறியாக்கித்தான் கதைக்கத் தெரியும். ஒருவன் சொல்வது நம்பும்படி இல்லையென்றால் "உப்புக் காணாது" என்பார். ஒருவன் அவசரப்பட்டால் "இன்னும் அவியேல்லை." நான் ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் எட்டிப் பார்த்து, "தண்ணி கூடிப்போச்சு, வத்த விடு" என்பார். அந்த அறையில் அவரோடு இருந்த காலத்தில் எனக்குத் தனிமை என்ற ஒன்று வரவேயில்லை. வர அவர் விடவில்லை.

குசினியின் தலைவர் அந்த மலைப்பக்கத்துச் சுவிஸ்காரர். நாங்கள் அவரைச் செஃப் என்போம். அடுப்படியில் நின்றால் சத்தம், சட்டி பறக்கும். வேலை முடிந்தால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை. திங்கட்கிழமை சாப்பாட்டுச்சாலை பூட்டு. கோடை வந்தால் அந்தத் திங்கள் மத்தியானங்களில் குசினி ஆட்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு பிரியன்ஸ் ஏரிக்குப் போவார். அங்கே புல்வெளியும், மரத்தால் கட்டிய பாலமும், தண்ணீருக்குக் காவல் நிற்கும் ஒரு மனிதருமாக ஒரு குளிப்பிடம் இருந்தது.

முதல் தடவை நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு போனேன். குளிக்கப் போகிறோம் என்றார்கள். குளிப்பதென்றால் எனக்குத் தெரிந்தது கிணற்றடியும் கீரிமலைக் கேணியும். இரண்டு இடத்திலும் ஆம்பிளை சாரத்தோடுதான் தண்ணீரில் நிற்பான். பாலத்தின் நுனியில் போய் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். குதித்த வேகத்தில் சாரத்துக்குள் காற்றுப் புகுந்து, என்னைச் சுற்றி ஒரு பெரிய பூசணிக்காய் மாதிரி எழும்பி நின்றது. நடுவில் என் தலை. காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். கோபமில்லை, பயம். துணி காலில் சுற்றினால் ஆள் தாழ்ந்துபோவான், இங்கே நீச்சல் களிசான்தான் போடவேண்டும் என்று கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினார். கரையில் செஃப் புல்லில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்து முடிந்து அவர் உடுப்பு மாற்றத் தொடங்கினார். அதற்கென்று கட்டிய சின்னச் சின்ன அறைகள் பக்கத்திலேயே இருந்தன. அவர் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேட்டைக் கழற்றுகிற மாதிரியே எல்லாவற்றையும் கழற்றிப் புல்லில் போட்டார். போட்டுவிட்டு, என்னை நேரே பார்த்துக்கொண்டு, நாளைக்கு உருளைக்கிழங்கை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். நான் மலையைப் பார்த்தேன். அந்தப் பனிமலையை நான் அன்றைக்குப் பார்த்ததுபோல் வேறு எந்த உல்லாசப் பயணியும் பார்த்திருக்க மாட்டான்.

என் முறை வந்தபோது அவர் பார்த்தார். ஈரச் சாரத்துக்கு மேலால் காய்ந்த சாரத்தைத் தலைவழியே போட்டு, விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளுக்குள்ளால் ஈரத்தை உருவி விழுத்தி, களிசானுக்குள் ஒவ்வொரு காலாக விட்டு, கடைசியில் வாயைத் திறந்தேன். சாரம் காலடியில் விழுந்தது, நான் முழு உடுப்பில் நின்றேன். எங்கள் ஊரில் பத்து வயதுப் பொடியனும் செய்வான். செஃப் கைதட்டிவிட்டு, "இன்னொருதரம், ஆறுதலாகச் செய்து காட்டு" என்றார்.

எங்கள் குசினியில் பாத்திரம் கழுவியவன் ஒரு போர்த்துக்கீசன். அவனும் நானும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் நல்ல நண்பர்கள். அவன் தன்னுடைய சிவப்பு நீச்சலுடையைத் தட்டிக் காட்டி அதன் பெயரைத் தன் மொழியில் சொன்னான். கிட்டத்தட்ட காற்சட்டைக்கு நாங்கள் சொல்லும் "களிசான்." நான் என்னுடையதைத் தட்டிக் காட்டிக் "களிசான்" என்றேன். அவன் பாட்டன் பூட்டன் எங்கள் கரையில் இறங்கியபோது விட்டுப்போன சொல்லாக இருக்க வேண்டும். அவர்கள் கொண்டுவந்தது தண்ணீருக்கு, நாங்கள் அதைக் கந்தோர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனோம்.

அடுத்த கிழமை செஃப் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். நான் முழங்கால் வரைக்கும் ஏதாவது இருக்கும் என்று தேடினேன். அப்படி அகலமாகப் பூப்போட்டது அமெரிக்கர்கள் போடுவது, எங்கள் ஏரிக்கு வரும் உல்லாசப் பயணிகளில் அவர்களைத் தூரத்திலேயே பிடிக்கலாம். இங்கிலாந்துக்காரர் தொடை பாதி மறைய ஒன்றைப் போட்டு, அதற்கு மேலால் துவாயும் கட்டி, தண்ணீர் விளிம்புவரைக்கும் துவாயோடு வருவார்கள். எனக்கு அவர்களைப் பிடித்தது. இத்தாலியருக்கு நிறம் முக்கியம், கழுத்துச் சங்கிலி அதைவிட முக்கியம். சுவிஸ்காரர்களுக்கோ ஒரு முக்கோணம் போதும். எழுபது வயதுக் கிழவரும் அதே முக்கோணம்தான். அதோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோயில் வீதியில் உலாவுகிற மாதிரி புல்வெளியில் உலாவுவார். கடைக்காரப் பெண் என் இடுப்பை ஒரு பார்வை பார்த்தாள், முக்கோணத்தை எடுத்து நீட்டினாள்.

அறைக்குக் கொண்டுவந்து கட்டிலில் விரித்துவைத்தேன். அண்ணை குனிந்து பார்த்தார்.

"உது என்னடாப்பா, லேஞ்சியோ?"

"குளிக்கிறதுக்கு அண்ணை."

"குளிச்சுப்போட்டு முகம் துடைக்கவோ?"

"போடுறதுக்கு."

"இதையோ? உனக்கோ?" அவர் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். "தாளிதம் மட்டும் கிடக்குது. கறி எங்கை?"

நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிற மனிதன் கோவணத்தோடு நிற்பான். வலை இழுக்கிறவன் கச்சையோடு நிற்பான். அளவெடுத்தால் செஃபின் முக்கோணத்தைவிட அது சின்னது. அதை ஒருவரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது வேலைக்கு. அதே மனிதன் வேலை முடிந்து கிணற்றடிக்கு வந்தால் துவாயை எடுத்துக் கட்டிக்கொள்வான். சும்மா நிற்கிற உடம்பை மூடவேண்டும், வேலை செய்கிற உடம்பை மூடத் தேவையில்லை என்பது எங்கள் கணக்கு. செஃபின் கணக்கு நேர்மாறு. அடுப்படியில் கழுத்துவரை பொத்தான் பூட்டி, தலைக்குத் தொப்பியும் வைத்துக்கொண்டு நிற்பார். சும்மா இருக்கும்போதுதான் அவருக்கு உடம்பு வெளியே வரவேண்டும். இரண்டும் மரியாதையான கணக்குத்தான்.

அந்தக் கோடையில் நான் அவருடைய கணக்குக்குப் பழகினேன். முதலில் உள்ளுடுப்புக்கு மேலால் போட்டேன். விளிம்பு வெளியே தெரிய, செஃப் அதைக் கிள்ளி இழுத்து, "இரண்டா? குளிரா உனக்கு?" என்றார். பிறகு ஒன்றோடு நிறுத்தினேன். துவாயோடு போய், விளிம்பில் துவாயை விட்டுவிட்டு, ஒரே பாய்ச்சலாகத் தண்ணீருக்குள். பிறகு துவாயும் மறந்துபோயிற்று.

அப்போதுதான் ஊரிலிருந்து கலியாணப் பேச்சுக்கால் வந்தது.

பெண் எனக்குத் தெரியாதவள் அல்ல. அடுத்த ஊர். ஒரு கையில் குடை பிடித்து மற்றக் கையால் சைக்கிள் ஓட்டி ரியூசனுக்குப் போவாள். ஒருநாள் எங்கள் ஒழுங்கை முகப்பில் அவளுடைய சைக்கிள் செயின் கழன்றது. நான் பூட்டிக் கொடுத்தேன். "மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுங்கோ, இல்லாட்டிப் போகாது" என்று என் கையைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான் அவள் என்னோடு கதைத்தது. அந்த ஒரு வசனத்தை நான் விமானத்தில் கொண்டுவந்திருந்தேன். இப்போது அம்மா விசாரிக்க, அந்தப் பக்கம் மறுப்பில்லை. அவளுக்குத் தகப்பன் இல்லை. தமையன் கூரில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. அவர் ஓம் என்றால் ஓம், இல்லையென்றால் இல்லை. சூக் நகரில் வேலை செய்கிற ஒரு பொடியனையும் அவர் பார்க்கப் போகிறாராம். அவன் சபையில் நல்லாய்ப் பழகுவானாம். இதை அம்மா எழுதாமல் விட்டிருக்கலாம்.

தமையன் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அன்று காலையிலிருந்து நான் அறையைக் கூட்டினேன், கூட்டிய அறையைத் திரும்பக் கூட்டினேன். சேட்டை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கினேன். அண்ணை வந்தவருக்கென்று இறால் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நான் மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

"டேய், நீ இஞ்சை நிண்டு என்ரை குழம்பைக் கெடுக்காதை" என்றார். "உன்ரை முகத்தைப் பாத்தால் வாற மனுசன் நீ ஏதோ களவெடுத்தனி எண்டு நினைப்பார். போய் உன்ரை ஏரியிலை விழுந்துபோட்டு வா. பின்னேரம்தானே வாறார்."

போனேன். அது நல்ல வெயில். தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. செஃபோடு நடுவில் மிதக்கிற பலகைவரைக்கும் நீந்தி, திரும்பி, கரையேறிப் புல்லில் நின்றோம். செஃப் ஈரக் கையை என் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ பகிடி சொன்னார். என் துவாய் போர்த்துக்கீசனின் தலைக்குக் கீழே. அவன் நல்ல நித்திரை.

"தம்பி."

தமிழ். எங்கள் அண்ணையின் குரல் அல்ல.

திரும்பினேன். கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டி, மினுக்கிய சப்பாத்து, கையில் ஒரு சின்னத் தோல்பை. தமையன் முந்திய ரயிலைப் பிடித்துவிட்டார். பின்னால் எங்கள் அண்ணை, அகப்பை பிடித்த கையோடு வந்தவர் மாதிரி நின்றார். பிறகு கேட்டபோது சொன்னார்: "'குளிக்கப் போட்டான், இப்ப வந்திடுவான்' எண்டனான். மனுசன் இருந்து இருந்து பாத்திட்டு, 'எங்கை குளிக்கிறவர்?' எண்டு கேட்டார். பொய் சொல்லலாமோ?" அந்தப் புல்வெளி முழுக்க மேலாடை இல்லாமல் வெயில் காய்கிற பெண்கள். அதற்கு நடுவால் இந்த இரண்டுபேரும் நிலத்தைப் பார்த்தபடியே வந்திருக்கிறார்கள்.

"தம்பி" என்று அவர் கூப்பிட்ட கணத்தில் என் இரண்டு கையும் தொடைக்குப் போயின.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வீட்டில் சாரத்தைச் சண்டிக்கட்டாக மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். மூத்தவர் ஒருவர் வந்தால் கையெடுத்துக் கும்பிடுவதற்கு முதல், வாங்கோ என்பதற்கு முதல், கை தானாகப் போய் மடிப்பை அவிழ்த்து விடும். சாரம் கணுக்கால்வரை இறங்கினால்தான் மரியாதை செய்ததாகும். ஆறு வயதிலிருந்து செய்கிற வேலை, மூளைக்குத் தெரியாமலே நடக்கும். அன்றைக்கும் நடந்தது. இரண்டு கையும் மடிப்பைத் தேடின. மடிப்பு இல்லை. ஈரத் தொடையில் உள்ளங்கைகள் வழுக்கிக்கொண்டு முழங்கால்வரை போயின. நான் குனிந்தபடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

செஃப் பயந்துபோனார். தசை பிடித்துவிட்டது என்று நினைத்தார். "அசையாதே" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு என் முன்னால் முழந்தாளிட்டு, என் கெண்டைக்காலைப் பிடித்து உருவத் தொடங்கினார். முக்கோணத்தோடு ஒரு வெள்ளைக்காரன், முக்கோணத்தோடு நிற்கிற என் காலைப் பிடித்து உருவுகிறான். பெண் கொடுக்க வந்தவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் அண்ணை கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"வாங்கோ அண்ணை" என்றேன். வேறென்ன சொல்வது.

"கால் பிடிச்சிட்டுதோ?" என்றார் தமையன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இல்லை அண்ணை. அவர் அப்பிடி நினைக்கிறார்."

போர்த்துக்கீசனின் தலையை உருட்டிவிட்டுத் துவாயை இழுத்து இடுப்பில் கட்டினேன். பாலத்தடியில் ஒரு வாங்கு. தமையன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு இருந்தார். நான் நின்றேன். "இரும்" என்றார். ஒரு முழம் தள்ளி இருந்தேன். துவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வேலை எத்தினை மணிவரைக்கும்?"

"மத்தியானமும் இரவும் அண்ணை. இடையிலை ஓய்வு."

"குடி, கிடி?"

"இல்லை அண்ணை."

"ஆயிரம் பேர் அப்பிடித்தான் சொல்லுவினம்."

"உண்மையா இல்லை."

எங்கள் அண்ணை பின்னாலிருந்து, "உப்புச் சரியா இருக்குது" என்றார். தமையன் திரும்பிப் பார்த்தார். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

பிறகு ஒரு கேள்வியும் இல்லை. அவர் ஏரியைப் பார்த்தார், நானும் பார்த்தேன். சூக்கில் இருக்கிற பொடியன் இந்த நேரம் மினுக்கிய சேட்டோடு, நிமிர்ந்து இருந்து, வாங்கோ என்று தேத்தண்ணி நீட்டுவான் என்று நினைத்தேன். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவச் சொன்னவளின் குரல் இன்னொருவனுக்குப் போகப்போகிறது என்று எனக்கு அந்த வாங்கில் நல்லாய்த் தெரிந்தது.

செஃப் வந்து கையை நீட்டினார். தமையன் எழும்பி, ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கி, ஆஸ்பத்திரி ஜெர்மனில் வணக்கம் சொன்னார். செஃப் அவரை மேலும் கீழும் பார்த்து, "உங்கள் வீட்டில் யாரும் செத்துப்போனார்களா? இந்த வெயிலில் ஏன் கோட்டு?" என்றார். கேட்ட விதத்தில் கள்ளமில்லை. தமையன் தன் கோட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி வாங்கில் மடித்துவைத்தார். கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, காற்சட்டையை இரண்டு மடிப்பு மடித்து, பாலத்தின் விளிம்பில் போய் இருந்து காலைத் தண்ணீருக்குள் விட்டார். "அம்மாடி, குளிர்" என்றார், யாருக்கும் இல்லாமல்.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, நான் கூப்பிட்ட உடனை கையை என்ன செய்தனீர்?"

"எப்ப அண்ணை?"

"குனிஞ்சனீர். அது காலைப் பிடிச்சதில்லை. நான் பாத்தனான்."

சொல்ல வெட்கமாக இருந்தது. "சாரத்தை இறக்கப் போனது அண்ணை."

"சாரம் எங்கை?"

"இல்லை."

அவர் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினார். முதுகு குலுங்கியது. குளிரில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், சிரிப்பு. சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வர, அந்தக் கறார் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் பெரிய டொக்டர் குசினிக்கு வந்தவர்" என்றார், மூச்சை இழுத்துக்கொண்டு. "நான் வெள்ளைக் களிசானோடை நிண்டனான். வந்த உடனை ரெண்டு கையாலையும் களிசானைப் பிடிச்சுக் கீழை இழுத்துப்போட்டன். கொஞ்சம் இறங்கியும் போச்சு. 'இடுப்புப்பட்டி வேணுமோ' எண்டு டொக்டர் கேட்டவர். நான் இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

"நானும் சொல்ல மாட்டன் அண்ணை" என்றேன். (அவர் இப்போது தானே எல்லாருக்கும் சொல்கிறார், ஆகவே எழுதுகிறேன்.)

அதற்குப் பிறகு ஊர்க் கதை, ரயில் கதை, ஆஸ்பத்திரிச் சூப்பில் ஏன் மிளகு போடுவதில்லை என்ற கதை. கலியாணம் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற முறை எங்களுக்குக் கிடையாது, காத்திருக்கிற முறைதான் உண்டு. வெயில் சாயத் தொடங்க அவர் காலை எடுத்து, கைக்குட்டையால் விரலிடுக்கெல்லாம் துடைத்தார். காலுறையைப் போட்டார். சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல் சொன்னார்:

"தங்கச்சிக்கு நீந்தத் தெரியாது. ஆழத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதையும்."

"ஓம் அண்ணை" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறார் என்று எனக்குள் இறங்கியது. எங்கள் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேலை முடிந்த மனிதர் மாதிரி இரண்டு கையையும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு, "குழம்பு ஆறப்போகுது, எழும்புங்கோ" என்றார்.

செஃபுக்கு நாங்கள் கதைத்தது விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது இருந்த ஜெர்மன் கொஞ்சம். "அவருடைய தங்கைக்கு நீந்தத் தெரியாதாம்" என்றேன்.

"அதற்கென்ன" என்றார் செஃப், துவாயால் காதைத் துடைத்துக்கொண்டு. "கூட்டிக்கொண்டு வா."